வளைவில் சாயும் இன்ஜின்

முழுச் சாவி கொடுத்தால் பொம்மை இன்ஜின் விழுந்தது. அரைச் சாவி கொடுத்தால் விழவில்லை. ஆனால் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

குடியாத்தத்தில் கனகராஜ முதலியாரின் நூல் கூடத்தில், தரையில் முட்டி போட்டுக்கொண்டு, முனீர் அகமது காலையிலிருந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்ப் பாதையில் ஒழுங்காக வரும். வளைவுக்குள் நுழையும். வளைவின் நடுப்பகுதியில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்து விழும். எந்த வளைவானாலும் வெளிப்பக்கம்தான். உட்பக்கம் ஒருமுறைகூட விழவில்லை.

இதே இன்ஜின் இதே தண்டவாளத்தில், ஆம்பூரில் தன் தாய்மாமன் நசீர் அகமது மாமுவின் மாடி அறையில், முழுச் சாவியில் சுற்றிச் சுற்றி வந்ததை முனீர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அதுதான் அவரைக் குடைந்தது.

மாமு தோல் வியாபாரி. பதனிட்ட ஆட்டுத்தோலை லண்டன் ஏலத்துக்கு அனுப்பியவர். ஒருமுறை ஏலத்தை நேரில் பார்க்கக் கப்பலேறிப் போனவர், வரும்போது சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்பின் சரக்கு போகும்போதெல்லாம் அங்கிருந்த ஏஜெண்டுக்குச் சொல்லி, இன்ஜினும் பெட்டியும் சிக்னலும் ஸ்டேஷனுமாக ஒரு அறை நிறையச் சேர்த்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சாகுமுன் மருமகன் முனீரைக் கூப்பிட்டு, "இது ஓடணும்டா. அலமாரியில வச்சுப் பூட்டிடாத. பிரிச்சும் குடுத்திடாத" என்று சொன்னார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

மாமு இருந்தது வாடகை வீடு. சொந்தக்காரர் அதைத் தோல் மண்டியாக்கக் கேட்டுவிட்டார். முனீர் தோல் தரம் பிரிக்கும் வேலைக்காரர்; அவர் வீட்டில் குழந்தைகள் படுத்தால் தண்டவாளத்துக்கு இடம் கிடையாது. மதராஸ் வியாபாரி ஒருவர் இன்ஜின்களை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், மற்றதெல்லாம் பழைய தகரம் என்றும் சொன்னார். அப்போது கை கொடுத்தவர் கனகராஜ முதலியார். மாமுவின் ஆட்களுக்கு லுங்கி விற்றுப் பழகியவர். அவருடைய கூடத்தில் பாதி இடம் காலி. நெய்த லுங்கியைக் கொடுத்துவிட்டு நூலுக்காகக் காத்திருக்கும் நெசவாளர்கள், பிள்ளைகளோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பார்க்க ஓடட்டுமே என்று, மொத்தத்தையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

ஆனால் முதல் ஓட்டத்திலேயே இன்ஜின் விழுந்து புகைபோக்கி நசுங்கியது. முதலியார் முகம் சுருங்கியது.

"வுழற வண்டிய வச்சிக்கினு நான் இன்னா பாய் பண்றது? வந்தவன்லாம் சிரிப்பான். ஒடைஞ்சா உங்க மாமுக்கு நான்தான் பதில் சொல்லணும். இன்னிக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி எடுத்துட்டுப் போய்டுங்க."

எடுத்துக்கொண்டு போனால் வேறு வழியில்லை; மறுநாள் மதராஸ் வியாபாரி ஆம்பூருக்கு வருகிறார். இன்ஜின்கள் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம்.

முனீர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருந்தது. வளைவுத் துண்டுகளை இடம் மாற்றிப் போட்டார், அப்படியும் விழுந்தது. தரை சாய்வோ என்று கோலிக்குண்டை உருட்டினார். அது வைத்த இடத்தில் நின்றது. ஒருவேளை மாமு வீட்டுத் தரைதான் சாய்வாக இருந்து தாங்கியதோ? அதுவும் பொருந்தவில்லை. தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு வளைவுக்கு உதவும். எதிரே இருக்கும் வளைவைக் கெடுக்கும். அங்கே இரண்டிலும் ஓடியதே.

கடைசியில் ஒரு வளைவுத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். குறுக்குச் சட்டங்களின் அடியில், ஒரு முனையில் மட்டும், கறை. துரு என்று நினைத்துத் தேய்த்தார். போகவில்லை. துரு செம்மண் நிறத்தில் இருக்கும். இது மசி போலக் கருநீலமாக இருந்தது.

அந்த நிறம் அவருக்குத் தெரியும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால், பட்ட இடம் இப்படித்தான் கறுக்கும். தொட்டிக்குள் ஓர் ஆணி விழுந்தால்கூடப் போதும், நல்ல தோல் தரம் இறங்கிவிடும். அதனால்தான் தோல் பதனிடும் இடத்தில் இரும்பு வாளியை உள்ளே விடமாட்டார்கள். தோலில் இரும்பின் கறை இருந்தால் அவர் தினமும் பார்த்து ஒதுக்குவார். இங்கே இரும்பில் தோலின் கறை இருந்தது.

எல்லா வளைவுத் துண்டுகளையும் திருப்பினார். எல்லாவற்றிலும் வெளிமுனையில் கறை. நேர்த்துண்டு ஒன்றிலும் இல்லை.

அப்போதுதான் மாமுவின் அறையைக் காலி செய்த நாள் நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தைத் தூக்கியதும் தரையெல்லாம் சின்னச் சின்னத் தோல் துண்டுகள். ஆம்பூரில் தோல் வியாபாரி வீட்டில் தோல் துண்டு கிடப்பது, மாவு மில்லில் மாவு கிடப்பது மாதிரி. முனீர் அதை இரண்டாம் முறை பார்க்கவே இல்லை. பெருக்கி அள்ளி, வச்சிரப் பசை காய்ச்சுகிறவன் கூடையில் போட்டுவிட்டார். அவை குப்பை இல்லை. மாமு முட்டுக்கொடுத்து வைத்தவை.

ஏன் வெளிப்பக்கம் மட்டும் என்பதும் விளங்கிவிட்டது. ஜட்கா வண்டி வேகமாகத் திரும்பினால் உள்ளே இருப்பவர் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறார். சைக்கிள்காரன் அதைத் தெரிந்து, திரும்பும்போது உட்பக்கம் சாய்கிறான். இன்ஜினுக்குத் தானாகச் சாயத் தெரியாது. பாதைதான் அதைச் சாய்க்க வேண்டும். வெளித் தண்டவாளத்தை உயர்த்தினால் இன்ஜின் உட்பக்கம் சாயும். வேகம் வெளியே தள்ளுவதும் சாய்வு உள்ளே இழுப்பதும் சரிக்குச் சரியாகிவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் முதலியார் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். சாமி இருக்கும் இடத்தில் தோல் எதற்கு, துணியை மடித்து வைக்கலாமே என்றார். வைத்தார்கள். முதல் சுற்றில் இன்ஜின் தப்பியது. இரண்டாம் சுற்றுக்குள் துணி அமுங்கிவிட, மறுபடியும் விழுந்தது.

உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதலியாரின் மனைவி பங்கஜம் வெளியே வந்தாள்.

"சாமி முன்னாடி மிருதங்கம் வாசிக்கிறாங்களே, அது இன்னா வாழைமட்டையா? உன் தறியில நூல் நாடாவ இந்தண்ட அந்தண்ட அடிச்சித் தள்ளுதே, அது இன்னா? எருமத் தோலு. அதுவும் பாய் ஊர்லேர்ந்துதான் வருது. அத்த வச்சித்தான் சோறு துன்றோம்."

முதலியார் சிரித்துவிட்டார். "சரி பாய், வைங்க. இல்லாட்டி எனக்குச் சோறு கிடையாது."

முனீரின் பையில் மாதிரிக்கு எடுத்துவந்த செம்மறித் தோலும் வெள்ளாட்டுத் தோலும் இருந்தன. தடிமனாக ஒன்று வேண்டியிருந்தது. பங்கஜம் தறியிலிருந்து கழற்றிப் போட்ட தேய்ந்த எருமைத் தோல் துண்டுகளை ஒரு டப்பாவோடு கொண்டுவந்து வைத்தாள். முனீர் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவித் தடிமன் வாரியாகப் பிரித்தார். அது அவருடைய அன்றாட வேலை. முதலில் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வைத்தார். நேர்ப் பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இன்ஜின் படி ஏறுவதுபோல் குதித்தது. எடுத்துவிட்டுப் படிப்படியாக ஏற்றி வைத்தார்.

முதலியாரே சாவி கொடுத்தார், திருகு இனிச் சுற்றாது என்கிற வரைக்கும். மூன்று பெட்டிகளோடு இன்ஜின் வளைவில் நுழைந்து, உட்பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, எதிர் வளைவுக்குப் போனது. உள்ளேயிருந்த சுருள்வில் தளர்ந்து தானாக நிற்கும்வரை விழவில்லை. ஸ்டேஷனும் சிக்னலும் வைக்க இடம் பார்க்கும்படி முதலியார் ஆளைக் கூப்பிட்டார்.

மறுபடி யாராவது பெருக்கிவிடாமலிருக்க, முனீர் துண்டுகளைத் தண்டவாளத்தோடு நூல் போட்டுக் கட்டினார். எப்படி வைப்பது என்று பங்கஜத்துக்குச் சொல்லியும் வைத்தார். வளைவு தொடங்கும் இடத்தில், வெளித் தண்டவாளத்தின் அடியில் செம்மறித் தோல். அடுத்து வெள்ளாட்டுத் தோல். நடுவில் எருமைத் தோல். பிறகு மறுபடி வெள்ளாடு, கடைசியில் செம்மறி. உள் தண்டவாளத்துக்கு ஒன்றும் வேண்டாம்.