பொனெற்றைத் திறக்கச் சொல்லாதவன்

மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார்கள்.

சிவகலா அப்போது வீட்டின் பின்பக்கம், கராஜுக்கு முன்னால், காரை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. சுவிஸில் அன்று கார் கழுவக் கூடாது, சத்தமும் போடக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மேல்மாடிக்காரி ஃப்ராவ் எகர் படம் பிடித்து வீட்டு நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுவாள். வெறும் துணியால் துடைக்க இன்னும் யாரும் தடை போடவில்லை.

அறுபத்தைந்தாம் ஆண்டு செவர்லே இம்பாலா சூப்பர் ஸ்போர்ட். கருநீலம். கதவு இரண்டுதான், ஆனால் நிறுத்தினால் இரண்டு கார்களின் இடத்தைப் பிடிக்கும். சிவகலாவின் கணவன் ஸ்ரீஸ்கந்தராஜா அதைத் துருவோடு வாங்கி, ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்த நேரங்களில் வருடக்கணக்காகத் திருத்தியிருந்தான். சோலோதுர்ன் பக்கத்துத் தமிழ்க் கலியாணங்களுக்கு மாப்பிள்ளை இதில்தான் போவார். குறை ஒன்றுதான். எஞ்சினைக் கிளப்பினால் கட்டடம் முழுக்க ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஃப்ராவ் எகர் முறைப்பாடு மேல் முறைப்பாடாக எழுதினாள். கடைசியில், கார் போகவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போகவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. விளம்பரம் போட்டார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். தாடியை அழகாக வெட்டிய இளைஞன் ஒருவன். அவனுக்குப் பின்னால் தொப்பி போட்ட இன்னொருவன். தொப்பிக்காரன் வணக்கமும் சொல்லவில்லை, தலையும் அசைக்கவில்லை.

"அக்கா, நான்தான் ஆரன். அண்ணையோட போனில கதைச்சனான்."

"அவர் மூண்டு மணிக்குத்தானே வரச் சொன்னவர்?"

"ஓம், தெரியும். அண்ணை ரெனானில ஆற்றையோ அந்தியேட்டிச் சடங்குக்குப் போயிட்டார் என்ன? நாங்கள் இந்தப் பக்கம் வேறை அலுவலா வந்தம். ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு."

சிவகலா துணியை மடித்தாள். தமிழில் கதைத்தான் என்றதும் இந்த மனுஷன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா? எங்கே போகிறார், எப்போது வருவார், எல்லாம்?

இருந்தும் விற்க வேண்டிய கார். சிரித்துக்கொண்டே விலகி நின்றாள்.

ஆரன் காரை ஒருமுறை சுற்றி வந்தான். கூரையைத் தட்டினான். நல்ல கார் என்றான். அவ்வளவுதான்.

அவள் காத்திருந்தாள். கடந்த வாரம் நொஷாட்டலிலிருந்து ஒரு கிழவர் வந்தார். வந்ததும் வராததுமாகப் பொனெற்றைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பார்த்தார். பிறகு ஒரு கார்ட்போர்ட் மட்டையை நிலத்தில் விரித்து, அதில் படுத்து, காருக்குக் கீழே போனவர் தேத்தண்ணி ஆறும்வரை வெளியே வரவில்லை. அன்றிரவு ஸ்ரீஸ்கந்தராஜா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பழைய கார் வாங்க வருகிறவன் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பான், அதைப் பார்க்காதவன் கார் வாங்க வரவில்லை.

ஆரன் பொனெற்றைத் திறக்கச் சொல்லவில்லை. அவன் பார்வை வீட்டின் பக்கம் இருந்தது. கீழ்த்தளம். சின்னப் புல்தரை. அதற்கு அப்பால் குசினிக்குள் திறக்கும் கண்ணாடிக் கதவு.

"விளம்பரத்தில போட்ட படம் நல்ல வடிவு அக்கா. அதில நிக்கிற தங்கச்சி வீட்டிலையோ?"

அந்தப் படம். கார் நன்றாக விழுந்தது அந்த ஒரு படத்தில்தான் என்று ஸ்ரீஸ்கந்தராஜா அதையே போட்டிருந்தான். மகள் லக்சாயினியின் சாமத்திய வீட்டன்று, பூப்புனித நீராட்டன்று, எடுத்தது. பூமாலை போட்ட இம்பாலா, அதன் அருகில் மகள். கழுத்திலிருந்து இடுப்புவரை பதக்கமும் அட்டியலும். கை முழுக்கக் காப்பு. இரண்டு கிழமைக்கு முந்திய விழா. நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்க வேலைநாளில் லீவு கிடைக்கவில்லை. எல்லாம் குசினியில், அரிசி வாளிக்குள், ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் கிடந்தன. கண்ணாடிக் கதவுக்கு நேரே அந்த வாளி. கதவைப் பூட்டாமல்தான் அவள் வெளியே வந்திருந்தாள்.

"இல்லை. தகப்பனோட போயிட்டாள்," என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை. குளியலறையின் சிறிய ஜன்னல் வழியாகத் தலைமுடி காயவைக்கும் மெஷின் இரையத் தொடங்கியது.

ஆரன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்டான்.

"அப்ப ஆர் அக்கா தலை காய வைக்கிறது?"

அவன் கண்ணைக் காட்டினான். தொப்பிக்காரன் அவசரமே இல்லாமல் புல்தரையை நோக்கி நடந்தான்.

சிவகலாவின் போன் குசினி மேசையில். கத்தினால்? குளிருக்குக் கட்டடத்தின் எல்லாக் கண்ணாடிகளும் சாத்தியிருந்தன. உள்ளே எல்லோரும் சாப்பாட்டில். தெருவில் ஒரு பூனைகூட இல்லை. கத்தினால் வேறு யாருக்குக் கேட்காவிட்டாலும் மகளுக்குக் கேட்கும். அவள் ஓடிவந்து அந்தக் கதவைத்தான் திறப்பாள். தொப்பிக்காரனின் முகத்துக்கு நேரே.

சட்டைப் பைக்குள் கையை விட்டாள். காரின் உள்பக்கத்தைத் துடைப்பதற்காக எடுத்து வந்த திறப்புச் சாவி விரலில் தட்டுப்பட்டது.

"எஞ்சினை ஸ்ராட் பண்ணிக் காட்டுறன்," என்றாள்.

"வேண்டாம் அக்கா. உங்களில நம்பிக்கைதானே."

இம்பாலாவின் சத்தத்தைக் கேட்க விரும்பாத ஒருவனை அவள் அன்றுதான் பார்த்தாள். கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள். இழுத்துச் சாத்திப் பூட்டுக் குமிழை அமுக்கினாள். அதே கணம் ஆரன் மறுபக்கக் கதவை நோக்கி ஓடினான்.

அந்தக் காரின் அகலம் அவளைக் கொல்லப் பார்த்தது. மறுபக்கக் குமிழை எட்டப் பார்த்தாள், கை போகவில்லை. பக்கத்து ஆசனத்தில் குப்புற விழுந்து, விரல்களை நீட்டினாள். கண்ணாடிக்கு வெளியே அவன் நீண்ட முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். நீளம் காப்பாற்றியது. அவன் பிடியில் கை வைக்கவும் அவள் குமிழை அமுக்கவும் சரியாக இருந்தது.

அவன் கண்ணாடியில் முஷ்டியால் குத்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

அக்சிலேற்றரை இரண்டு தரம் மிதித்துவிட்டுத் திறப்பைத் திருப்ப வேண்டும். பற்றறி இறங்காமலிருக்க மாதத்தில் ஒருநாள் அவளைத்தான் ஸ்ராட் பண்ண விட்டுவிட்டு, கணவன் பின்னால் நின்று புகையைப் பார்ப்பான். மிதித்தாள். திருப்பினாள். எஞ்சின் முனகிவிட்டு அடங்கியது. பெட்ரோல் மணந்தது. புல்தரையில் தொப்பிக்காரன் கண்ணாடிக் கதவைத் தொட்டுவிட்டான். அது வழுக்கிக்கொண்டு திறந்தது.

பிள்ளையாரே.

மறுபடி திருப்பினாள்.

இடி விழுந்தது போல எஞ்சின் பிடித்தது. சிவகலா அக்சிலேற்றரை அடிவரை மிதித்தாள். கராஜ் கதவுகள் தடதடத்தன. ஒரு கையால் ஹோர்னையும் அமுக்கிப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஊரில் அப்படியொரு சத்தம் கேட்டதாக ஒருவருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

முதலில் இரண்டாம் மாடிப் பல்கனி திறந்தது. பிறகு பக்கத்துக் கட்டடம். நாப்கினைக் கழுத்தில் சொருகியபடி ஒருவர். முள்ளுக்கரண்டியோடு ஒருவர். கீழே வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, கையில் போனை உயர்த்தியபடி, ஃப்ராவ் எகர் வந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த முகத்தைக் கண்டு சிவகலா சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.

ஆரன் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தான். தொப்பிக்காரன் ஏற்கெனவே குசினியிலிருந்து வெளியே வந்து புல்தரையைத் தாண்டிவிட்டான். இருவரும் ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள். அவர்களின் சாம்பல் நிறக் கார் கட்டடத்தாருக்கு ஒதுக்கிய இடத்தில் நின்றது. ஃப்ராவ் எகரால் அதைப் பொறுக்க முடியவில்லை. போகிற காரின் பின்னால் நாலடி நடந்து, இலக்கத்தகட்டைப் படம் பிடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

பிறகு இம்பாலாவின் ஜன்னலைத் தட்டி, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று கோபமாக ஜெர்மனில் தொடங்கினாள். சிவகலாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள்.

சிவகலா மிதித்த காலை எடுக்கவில்லை. ஈரத்தலையோடு லக்சாயினி கண்ணாடிக் கதவில் வந்து நின்று, "அம்மா, என்ன செய்யிறியள்? விசரோ?" என்று கத்தும்வரை எடுக்கவில்லை.

குசினி மிதியடியில் பெரிய சப்பாத்தின் மண் அடையாளம் ஒன்று இருந்தது. அரிசி வாளியின் மூடி இருந்தபடியே இருந்தது. குளியலறைக்கும் அந்த மண் அடையாளத்துக்கும் இடையில் ஒரு நடைபாதைதான்.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஃப்ராவ் எகரின் படத்திலிருந்த தகடு வேறு யாருடைய காரிலிருந்தோ களவு போனதாம். ரெனானிலிருந்து விழுந்தடித்து வந்த ஸ்ரீஸ்கந்தராஜா போனைத் திறந்து விளம்பரப் படத்தை அழித்தான். யார் யார் அதை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சிவகலா கேட்டாள்.

நகைகள் திங்கட்கிழமை வங்கிக்குப் போயின. கார் அந்த வாரமே நொஷாட்டல் கிழவருடன் போனது. காசைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் மறுபடியும் ஒருதரம் மட்டையை விரித்துக் கீழே படுத்தார். சிவகலா அவரை நிம்மதியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் ஊர் வழமைபோல அடங்கியது. அந்த அமைதிதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணாடிக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். மகள் எங்கே என்று பார்த்தாள். மறுபடி பூட்டை இழுத்தாள். கூப்பிட்டால் கேட்க யாரும் இல்லாத நேரம் இது. சத்தம் போட இப்போது காரும் இல்லை.

தலையை உயர்த்திப் பார்த்தாள். மேல்மாடிப் பல்கனியில், அந்தக் குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தபடி ஃப்ராவ் எகர் உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்தில் இருந்தது. கண் கராஜ் பக்கம் இருந்தது.

சிவகலா மகளைக் கூப்பிட்டுச் சாப்பாட்டைப் போட்டாள்.