எழுபத்தைந்துக்குக் கைகொடுத்தவள்

என் அக்கா முப்பத்து நான்கு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். குழாய், ஷவர், வாஷ்பேசின், பைப், பைப்பை ஒட்டும் பசை என்று பாத்ரூம் சாமான் மொத்த வியாபாரம். அத்தான் போன பிறகு கடை சரிந்துவிடும் என்று கடைத்தெருவே காத்திருந்தது. அப்படிக் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் இன்று அவளிடம்தான் சரக்கு எடுக்கிறார்கள்.

நான் அவள் தம்பி. தொழில் தரகு. நிலம், கட்டடம், பழைய இயந்திரம், எதுவானாலும் முடித்துக் கொடுப்பேன். கல்யாணம் மட்டும் மாட்டேன். விற்று முடித்த பிறகும் புகார் வந்துகொண்டே இருக்கும் சரக்கு அது.

எங்கள் குடும்பத்தில் சைபர்களை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. தொண்ணூறு என்றால் தொண்ணூறு. பின்னால் எத்தனை சைபர் என்பது கேட்பவன் தலையெழுத்து. கை கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்பதும் எங்கள் வழக்கம்தான். அக்காவுக்கு மட்டும் சொந்தமாக இன்னொன்று உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் குறைப்பாள். டாக்டர் ஐந்து நாள் மாத்திரை என்றால், "மூணு நாள் போதாதா டாக்டர்?" என்பாள். மருமகள் குக்கருக்கு நாலு விசில் வைத்தால் மூன்றாவதில் அடுப்பை அணைப்பாள். அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

இப்படிப்பட்டவள், விலையே சொல்லாத ஒரு வண்டியை புக் பண்ணினாள்.

மூன்று மாதம் முன்பு ஒரு கார் கம்பெனி அந்த வண்டியை மேடையில் ஏற்றிக் காட்டியது. கிட்டே போனால் கதவு தானே திறக்கிறது. சீட்டு முதுகைப் பிடித்துவிடுகிறது. எல்லாம் சொன்னார்கள், விலையை மட்டும் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். அக்கா போனிலேயே அட்வான்ஸ் கட்டிவிட்டாள். விஷயம் தெரிந்து நான் ஓடினேன்.

"உனக்கு எதுக்குக்கா இவ்ளோ பெரிய வண்டி?"

"இத்தனை வருஷத்துல நான் வாங்கினது எல்லாமே விக்கறதுக்குத்தான்டா வாங்கினேன். ஒண்ணே ஒண்ணை வாங்கி விக்காம வச்சுக்கறேன். தப்பா?"

வண்டிப் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். 

ஷோரூம் ஆள் ஒருநாள் கடை போனுக்குக் கூப்பிட்டு, "மேடம் என்ன கலர் பார்த்திருக்காங்க?" என்று கேட்டுத் தொலைத்தான். போனை எடுத்தவன் பெரியவன். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் நிதானம், சின்னவன் வாய். இருவருக்கும் ஒரே கனவு: கடையில் எல்லாச் சாமானுக்கும் ஸ்டிக்கர், ஒரே விலை, பேரம் கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டியும் பார்த்தார்கள். அம்மா கல்லாவில் இருக்கும்வரை அது குழாய்க்கு வைத்த பொட்டு. வருகிறவன் ஸ்டிக்கரைப் பார்ப்பான், பிறகு அவள் முகத்தைப் பார்ப்பான், பேரம் ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பெரியவன் பேச்சை எடுத்தான். நடுவில் நானும் இருந்தேன்.

"வண்டி வாங்கிக்கோம்மா. கடைப் பணத்துலயே வாங்கிக்கோ. ஆனா ஒரு வரம்பு வச்சுக்கலாம். விலை அதுக்குள்ள வந்தா வண்டியும் உனக்கு, நீ இருக்கற வரைக்கும் கல்லாவும் உனக்கு. ஸ்டிக்கர் பேச்சையே எடுக்க மாட்டோம். அதுக்கு மேல போச்சுன்னா கடைப் பணம் கிடையாது, கல்லாவையும் எங்ககிட்ட விட்டுடு."

"வரம்பு எவ்ளோ?"

"தொண்ணூறு."

பத்திரிகைக்காரர்கள் எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை ஆளுக்கொன்று எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. நியாயமான வரம்புதான். பெற்றவள் என்ற ஈரம் அதில் கொஞ்சம் இருந்தது.

"தொண்ணூறா?" அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னடா பகல் கொள்ளையா இருக்கு. எழுபதுன்னு வை."

சின்னவன் வாயில் வைத்த ஸ்பூனை எடுக்க மறந்தான். பெரியவன் ஒரு விநாடி தயங்கினான். ஆனால் அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே.

"எண்பது."

நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். பேரம் நன்றாகப் போகிறது, விடாதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டாள்.

"எழுபத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

"முடிஞ்சது," என்று பெரியவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக் குலுக்கினாள். சரக்கை நல்ல விலைக்கு மடக்கிய நாளில் வரும் வெளிச்சம் முகத்தில் வந்தது. ஒரு குழாயைத் திறந்து மூடும் நேரம் இருந்துவிட்டுப் போனது.

பிள்ளைகள் எழுந்து போன பிறகு சொன்னேன், "அக்கா, வரம்பு ஏறணும்க்கா. இறங்கினா உனக்குத்தான் நஷ்டம்."

"அதை இப்ப சொல்றியே, நீயெல்லாம் ஒரு தரகனா?"

"மாத்திப் பேசிப் பார்ப்போம். பெத்த பசங்கதானே."

"கை கொடுத்தாச்சு," என்றாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

விலை அறிவிக்கும் நாள் வந்தது. காலை பதினொரு மணி. சின்னவன் ஒரு குழாய்ப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தான். அக்கா கல்லாவில், பிள்ளைகள் இரண்டு பக்கமும், நான் எதிரே வாடிக்கைக்காரர் பெஞ்சில். போனில் ஒருவன் மேடையில் நடந்து நடந்து பேசினான். சீட்டின் தோலைப் பற்றிப் பேசினான், கண்ணாடியைப் பற்றிப் பேசினான், வண்டிக்குள் இருக்கும் அமைதியைப் பற்றிப் பத்து நிமிடம் சத்தமாகப் பேசினான்.

"விலை சொல்றதுக்கு முன்னாடி நான் இவ்ளோ பேசினா, வர்றவன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்துடுவான்," என்றாள் அக்கா.

"பயமா இருக்காம்மா?" சின்னவன் கேட்டான்.

"உனக்கு இருக்கா?"

"எனக்கு என்ன பயம்?"

"அப்போ காலை ஆட்டாம உக்காரு. கல்லா ஆடுது."

புகை கிளம்பியது. மேளம் மாதிரி ஏதோ அடித்தார்கள். திரை முழுக்க ஓர் எண் வந்து நின்றது.

எண்பத்திரண்டு.

பெரியவன் தரையைப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. சின்னவனால் மட்டும் வாயை அடக்க முடியவில்லை.

"தொண்ணூறுன்னு விட்டிருந்தீன்னா இந்நேரம் எட்டு மிச்சம்மா. நீயே குறைச்சே."

"எனக்கே கழித்தல் சொல்லித் தர்றியா?" என்றாள். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். எழுந்தாள். நாற்காலியில் போட்டிருந்த குஷனை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது என்னோடது. கை கொடுத்ததுல குஷன் வரலை."

சுற்றி வந்து என் பக்கத்தில், பெஞ்சில், குஷனைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாடிக்குப் போய் ரெஸ்ட் எடும்மா," என்றான் பெரியவன்.

"கல்லாவை விடறேன்னுதான் சொன்னேன். கடைக்கே வர மாட்டேன்னா சொன்னேன்? பெஞ்ச் யாருக்குப் போட்டிருக்கே? வர்றவங்களுக்குத்தானே. நான் வந்திருக்கேன்."

அங்கேயே உட்கார்ந்தபடி ஷோரூமுக்குப் போன் போட்டாள். "தம்பி, எண்பத்திரண்டுல எவ்ளோ குறைப்பே?"

"கம்பெனி விலை மேடம். எல்லாருக்கும் ஒரே விலைதான்."

"சரி, என் புக்கிங் அப்படியே இருக்கட்டும். அந்தம்மா எடுக்காதுன்னு யாராவது போன் பண்ணினா நம்பாதே."

"கடைப் பணம் கிடையாதும்மா," என்றான் சின்னவன்.

"கேட்டேனா?"

பன்னிரண்டு மணிக்கு ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டர் வந்தார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'சொட்டு'. அவர் வேலை பார்த்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏதோ ஹாஸ்டல் கட்டுகிறார்களாம், நாற்பது பாத்ரூம். நாலு பக்கம் லிஸ்ட். கல்லாவில் பெரியவனைப் பார்த்ததும் வழி தவறி வந்தவர் போல நின்றார்.

"எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் இருக்கு சார். ஒரே விலை," என்றான் பெரியவன்.

சொட்டு திரும்பி அக்காவைப் பார்த்தார். "என்னக்கா இது?"

"என்னை ஏன் பார்க்கறீங்க? நானும் உங்களை மாதிரிதான் பெஞ்சுல உக்காந்திருக்கேன்." பிறகு கையை நீட்டினாள். "லிஸ்டைக் காட்டுங்க."

லிஸ்டை மடியில் விரித்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினாள்.

"இந்த ஷவர் அவனுக்கு என்ன விலைக்கு வந்ததுன்னு எனக்குத் தெரியும். நூத்துக்கு இருபது குறைக்கச் சொல்லுங்க. வாஷ்பேசின் போன வருஷத்துச் சரக்கு, பின்னாடி குடோன்ல தூசி தின்னுட்டு இருக்கு. அதுக்கு முப்பது கேளுங்க."

சொட்டு பெரியவன் பக்கம் திரும்பினார். "ஷவருக்கு இருபது, வாஷ்பேசினுக்கு முப்பது குறைப்பா."

"அம்மா, நீ யார் பக்கம்?"

"வாங்கறவர் பக்கம். நான் இவர் கூட வந்தவ."

"நீ காலையில இருந்து இங்கேயேதானே இருக்கே?"

"இவருக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்."

நான் பீங்கான் அடுக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரித்தால் பெரியவன் மனசு நோகும்.

"ஒரே விலைதான் சார்," என்றான் பெரியவன். குரல் உறுதியாக இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

அக்கா குஷனை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, அடுத்த தெருவுல பார்க்கலாம். அங்க ரெண்டு பேர் எங்ககிட்ட வாங்கித்தான் விக்கறாங்க. இருந்தாலும் மரியாதையாப் பேசுவாங்க."

செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டாள். நாற்பது பாத்ரூம் வாசலைத் தாண்டப் போகிறது. பெரியவன் தொண்டையைக் கனைத்தான். "உக்காருங்க சார். ஷவருக்குப் பதினஞ்சு தர்றேன்."

"பதினெட்டு," என்றாள் அக்கா, செருப்பிலிருந்து காலை எடுக்காமல்.

ஷவர் பதினெட்டுக்கு முடிந்தது, வாஷ்பேசின் இருபத்தைந்துக்கு. கை கொடுத்தது சொட்டும் பெரியவனும். வெளியே போகும்போது அக்கா சொட்டிடம் தன் பங்கைப் பேசி வாங்கிக்கொண்டாள். தரகு என் தொழில். என் கண்ணெதிரே, என் அக்கா, என்னைக் கேட்காமல் அதில் இறங்கிவிட்டாள். சொட்டுக்கு வாயும் பெரிது. நாலு மணிக்குள் மூன்று கான்ட்ராக்டர்கள் அவளுக்குப் போன் செய்து, "எப்போ வரணும்க்கா?" என்று கேட்டார்கள்.

ஆறு மணிக்குச் சின்னவன் டீக்கடையில் என்னைப் பிடித்தான். வாய் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"மாமா, அம்மாகிட்ட பேசுங்க. கல்லாவைத் திருப்பி எடுத்துக்கட்டும். வண்டியும் வாங்கிக்கட்டும். எண்பத்திரண்டோ எதுவோ, கடையிலேயே தர்றோம்."

"அண்ணன் என்ன சொல்றான்?"

"அவன்தான் அனுப்பினான்."

மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னு சொல்லு."

"ரெண்டும் கிடைக்குதேக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஜெயிச்சிருந்தா எடுத்துக்குவேன். தோத்ததைத் திருப்பிக் கொடுக்கறாங்க பாரு, அது பரிதாபம். பரிதாபத்துல போய்க் கல்லாவுல உக்காந்தா ஒருத்தன் எனக்கு பயப்படுவானா? நீயே பயப்பட மாட்டே."

"அப்போ வண்டி?"

"சம்பாதிச்சு வாங்கறேன். எத்தனை பாத்ரூம் முடிச்சா வண்டி வரும்னு பார்த்துட்டேன்." எண்ணிக்கையைச் சொன்னாள். அவ்வளவு பாத்ரூமுக்கு இன்னொரு ஊரே கட்டப்பட்டு, அத்தனை பேரும் தினம் குளிக்கவும் வேண்டும். சொல்லிப் பார்த்தேன்.

"கட்டட்டுமே. எனக்கென்ன அவசரம்?" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நானும் போனேன். வீட்டிலிருந்து கடைக்குள் இறங்க உள்ளேயே படி இருக்கிறது. அவள் அந்தப் படியில் வரவில்லை. வாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி வந்து, இரண்டு கான்ட்ராக்டர்களோடு ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஷட்டர் உள்ளேயிருந்து மேலே போனது. பெரியவன் குனிந்து வெளியே வந்தான்.

"போர்டுல ஒன்பதுன்னு போட்டிருக்கு. இப்ப மணி ஒன்பது அஞ்சு," என்றாள்.

அவன் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தான். பிறகு கடைக்காரனாக ஒதுங்கி வழிவிட்டான்.

"வாங்க. என்ன வேணும்?"

"முதல்ல விலையைச் சொல்லு," என்றபடி அக்கா உள்ளே போனாள்.