தலைதட்டாத கரண்டி

குழந்தை வாயிலிருந்து வந்ததைப் பால் என்று சொல்ல முடியாது. திரிந்தும் கெட்டியாகவும் இருந்த ஏதோ ஒன்று முதலாளியின் சட்டைக் காலரில் விழுந்து, கழுத்துக்குள் இறங்கி, முதுகுப்பக்கம் பனியனை எட்டிப் பிடித்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிடிம்மா இவனை," என்று பேரனை மருமகளிடம் நீட்டினார், ஒழுகுகிற பாத்திரத்தை நீட்டுவதுபோல.

ஊரில் பேர் சொன்னால் தெரிகிற சாப்பாட்டுக் கடை அவருடையது. டம்ளரில் விரல் தடம் தெரிந்தாலே, கழுவுகிற ஆளை வறுத்தெடுத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாக வீடே நாறியது. சோபா உறை, திரைச்சீலை, தலையணை என்று எதை எடுத்தாலும் அந்த வாடைதான்.

மருமகள் வேலைக்குக் கிளம்பி, கைப்பையோடு நின்றிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மகன் கப்பலில் இருந்தான். தாய்ப்பால் போதாமல் போனதால் குழந்தைக்குப் புட்டிப்பால். பகலில் அதைக் கொடுக்கிற பொறுப்பு முதலாளியின் தங்கைக்கு.

"தினமும் இப்படித்தான் மாமா கக்குறான்," என்றாள் மருமகள். "வயிறு கல்லு மாதிரி இருக்கு. காலை மடக்கிட்டு முக்கி முக்கி அழுறான். பவுடரும் அதிகம், பாலும் அதிகம்னு டாக்டர் சொல்றாங்க. நான் போனதுக்கப்புறம் இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை எங்கப்பா வர்றாரு. இது இப்படியே இருந்தா இவனைத் தூக்கிட்டு அவரோட போயிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசமாக, கூசிப்போனார். ஊருக்கெல்லாம் பரிமாறுகிறவன் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு ஒழுங்காகப் பால் கொடுக்க ஆளில்லை என்று சம்பந்தி வீட்டில் பேசினால், அப்புறம் எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவது? குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டார். அன்று கடைக்குப் போகவில்லை.

பால் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான். தங்கை பவுடர் டப்பாவைத் திறந்து, உள்ளே கிடந்த சின்னக் கரண்டியைக் குவித்துக் குவித்து எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு கரண்டியும் கோபுரமாக நின்றது.

"டப்பாவுல தலைதட்டிப் போடுன்னு படம் போட்டிருக்கே அக்கா," என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் இல்லாத வீட்டுக்கு. நம்ம வீட்ல கரண்டியைத் தலைதட்டின வழக்கமே கிடையாது. எங்கண்ணன் கடையில கேட்டுப் பாரு."

முதலாளியின் முதுகு தானாக நிமிர்ந்தது. உண்மைதானே. கரண்டியைத் தலைதட்டிப் பரிமாறியதற்காக ஒருவனை வேலையை விட்டே அனுப்பியவர் அவர். பெருமை நெஞ்சு வரைக்கும் வந்தது. அடுத்து நடந்ததைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிப்போனது.

தங்கை அலமாரியிலிருந்து இன்னொரு புட்டியை எடுத்தாள். அடியில் பழைய பால், ஓரமெல்லாம் மஞ்சள் வளையம். அதையும் புதுப் பாலோடு சேர்த்து ஊற்றிக் குலுக்கினாள்.

"அது என்ன?"

"காலையில மிச்சம் வச்சுட்டான் அண்ணா. வீணாக்கலாமா?"

சாப்பிட்டு எழுந்தவன் தட்டிலிருந்து மிச்சத்தை எடுத்துப் பாத்திரத்தில் திருப்பிக் கொட்டுகிறவனை அவர் செருப்பாலேயே அடித்திருப்பார். அவர் ரத்தத்துக்கு அவர் வீட்டிலேயே எச்சில் பால்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் குழந்தையை மடியில் மல்லாத்திப் புட்டியைச் செருகிவிட்டாள். பாதி குடித்ததும் அது முகத்தைத் திருப்பியது. புட்டி பின்னாலேயே போனது. உதட்டை இறுக்கியது. அவள் இரண்டு கன்னத்தையும் விரலால் அமுக்கி வாயைப் பிளந்தாள். "இன்னும் ஒரு வாய், ராஜா. மிச்சம் வைக்கிற பரம்பரையா நாம?" பெண்கள் சிரித்தார்கள். குழந்தையின் முகம் சிவந்து, மூக்கு வழியாகப் பால் குமிழ் விட்டது. தலையணைக்குள் பஞ்சு திணிக்கிறவள்கூட இதைவிடப் பார்த்துத் திணிப்பாள்.

"எடு கையை," என்றார். "சீ, எடுன்னு சொல்றேன்ல."

பெண்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அதற்குமேல் தங்கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்னதெல்லாம் அவர் கடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் என்பதுதான் குமட்டலிலும் பெரிய குமட்டலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். பால் நேரம் வந்ததும் தங்கை எழுந்தாள். முதலாளி அவளைக் கையமர்த்திவிட்டுத் தானே கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றினார். கரண்டியில் பவுடரை எடுத்து, கத்தியின் முதுகால் மேலே வழித்தார். கை கூசியது. வயிறு காய்ந்து வந்தவனிடம் அளவில் திருடுவதுபோல் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டவர்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டே அடுத்த கரண்டியையும் வழித்தார்.

"சம்பந்தி முன்னாடியே கஞ்சத்தனமா அண்ணா?" என்றாள் தங்கை. "மானத்தை வாங்குறியே."

"வாயை மூடு."

மருமகள் சொல்லிக்கொடுத்தபடி குழந்தையைக் கையில் பாதி நிமிர்த்தி உட்கார வைத்தார். காம்பில் காற்றுப் போகாமல் புட்டியைச் சாய்த்துப் பிடித்தார். அது மூச்சு வாங்கும்போதெல்லாம் நிறுத்திக் காத்திருந்தார். வரிசையில் நிற்கிற வாடிக்கையாளருக்குக்கூட அவர் இவ்வளவு காத்திருந்ததில்லை. புட்டி பாதியில் குழந்தை முகத்தைத் திருப்பியது. அவர் புட்டியைக் கீழே வைத்தார்.

"பாதி அப்படியே இருக்கே," என்றார் வாத்தியார்.

"போதும்னுட்டான்."

"உங்ககிட்ட சொன்னானா?"

"முகத்தைத் திருப்பினானே, நீங்களும் பாத்தீங்களே. இதுக்கு மேல எழுதியா கொடுப்பான்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகள் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். முதலாளி புட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றும்போது அந்தப் பால் வாடை மறுபடி கிளம்பியது. அவருக்கு உடம்பே கூசியது. பின்னால் தங்கையின் குரல் கேட்டது: "ஊத்து, நல்லா ஊத்து. இனி இந்த வீட்ல நான் பால் கரண்டியைத் தொட்டா ஏன்னு கேளு."

"தொடாதே," என்றார், திரும்பாமலே. "தொட்ட வரைக்கும் போதும்."

அவர் கூடத்துக்கு வந்தபோது வாத்தியார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "நான் மட்டும் கிளம்புறேன் சம்பந்தி. அவ இங்கயே இருக்கட்டும்."

மருமகள் அப்பாவை வழியனுப்ப வேண்டும். குழந்தையை மாமனாரின் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். அவர் முகத்தை எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கிக்கொண்டு தட்டினார். வயதுவந்த ஆம்பிளைபோல் ஒரு ஏப்பம் வந்தது. கூடவே ஒரு சொட்டு, சலவைச் சட்டையின் மேல்.

"தூ, அசிங்கம்," என்றார் முதலாளி. தட்டுவதை நிறுத்தவில்லை.