லியோட்டிக்கு மேற்கே எதிர்க்காற்று

வாழைப்பழம் எடுக்கத்தான் மார்வா ஹேண்டில்பார் பையைத் திறந்தாள். பழத்துக்கு அடியில் கணவன் எல்டனின் மாத்திரை டப்பா கிடந்தது. பழத்தை அப்படியே போட்டுவிட்டு, முன்னால் ஆளில்லாமல் கிடந்த சாலையைப் பார்த்தாள்.

காலையில் லியோட்டி ஊர்ப் பூங்காவில் கூடாரத்தைச் சுருட்டும்போது நடந்த கூத்து இது. ஒரு கடலிலிருந்து மறு கடல்வரை நாட்டைக் குறுக்கே கடக்கும் சைக்கிள்காரர்களுக்கு எடை ஒரு பைத்தியம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டி எறிவார்கள். எல்டன் அந்தப் பைத்தியத்தில் பட்டம் வாங்கியவன். "நீ மெதுவா மிதிக்கிற, ஒன் சுமைய நான் தூக்குறேன்" என்று அடுப்பையும் கூடாரக் கம்பிகளையும் பிடுங்கித் தன் பைகளில் திணித்தான். இடம் போதாமல் தன் லேசான சாமான்களை அவள் பக்கம் தள்ளினான். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரையும் லேசான சாமான் ஆகிவிட்டது. அது சட்டைப் பையை விட்டு நகரக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான், போன குளிர்காலத்தில் அவன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார்.

திருப்பம் வந்தால் முன்னால் போகிறவர் காத்திருக்க வேண்டும் என்பது இருவருக்குள்ளும் ஒப்பந்தம். மேற்குக் கேன்சஸில் திருப்பத்துக்கு எங்கே போவது? சாலை நூல் பிடித்தாற்போல் கிடந்தது. இருபுறமும் அறுத்த கோதுமைத் தாள். அவன் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆகிவிட்டது, கைபேசியில் சிக்னலும் இல்லை.

மார்வா எழுந்து நின்று மிதித்தாள். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. "கெழட்டுக் கழுத, எங்கயாச்சும் நில்லேன்டா" என்று திட்டினாள். திட்டும்போதே அழுகை வந்தது.

எதிரே ஒரு சைக்கிள் வந்தது. கிழக்கே போகிறவரும் மேற்கே போகிறவரும் சந்தித்தால் நின்று, தண்ணீர் எங்கே, கடிக்கிற நாய் எங்கே என்று சொல்லிக்கொள்வது இந்தச் சாலையின் மரியாதை. வந்தவள் நடுவயதுக்காரி. காற்று முதுகில் இருந்ததால் முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த ஊரு டிரிபியூன்ல கடை தெறந்திருக்கு. ஐஸ்கிரீம் கூட உண்டு!"

"அத விடும்மா. மஞ்சச் சட்ட, நரச்ச மீசை, எதிர்ல யாரையாச்சும் பாத்தியா?"

"இல்லீங்களே. டிரிபியூன விட்டு நீங்கதான் மொத ஆளு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இந்த ரோட்ல ஒரு ஆளப் பாத்தா விடுவேனா? புடிச்சு வச்சுப் பேசியிருக்க மாட்டேன்?"

அப்படியானால் எல்டன் முன்னால் இல்லை. காற்றுக்குப் பயந்து குனிந்த தலை நிமிராமல் வந்த மார்வா எங்கோ அவனைத் தாண்டி வந்திருக்கிறாள். வழியில் ஒதுங்க இருந்ததே ஒரே இடம்தான், மூடிக் கிடந்த தானியக் கிடங்கு. மார்வா சைக்கிளைத் திருப்பினாள். விஷயத்தைக் கேட்டு அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள். இவ்வளவு நேரம் தடுத்த காற்று இப்போது தூக்கிக்கொண்டு போனது. அந்த வேகம் மார்வாவுக்குப் போதவில்லை.

கிடங்கின் பக்கச் சுவரில் சாய்ந்து எல்டன் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்து, மஞ்சள் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மார்வா மாத்திரையை அவன் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சற்றுச் சீரானது.

"நான் போனத நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"கூப்பிட வேண்டியதுதான?"

"கூப்பிட்டா வலின்னு சொல்லணும், அத்தோட பயணம் முடிஞ்சுடும். பின்சக்கரத்த அட்லாண்டிக்ல நனைச்சுட்டு வந்தாச்சு, முன்சக்கரத்த பசிபிக்ல நனைக்காம எப்பிடி மார்வா..."

"மாத்திரை எங்கிட்ட இருக்குன்னு தெரியுமா?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். "தெரியும்."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன், அவள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்கிறான். மார்வாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

அந்தப் பெண் ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சிக்னல் கெடைக்கிற எடம் வரைக்கும் போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றான் எல்டன். "வலி கொறஞ்சிடுச்சு. ஒரு நாள் படுத்தாச் சரியாயிடும். மார்வா, கெஞ்சிக் கேக்குறேன்."

"போம்மா," என்றாள் மார்வா. "சீக்கிரம் போ."

சைக்கிள் சாலையில் ஏறும் சத்தம் கேட்டது. எல்டன் குழந்தைபோல் விசும்பினான். மார்வா அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பசிபிக் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள். "நீ போயிடுவ."