லிஜாவின் கத்திக்கு நாற்பது இழுப்பு

புருஷன் கத்தி தீட்டுவதைப் பெண்டாட்டி உட்கார்ந்து எண்ணுவாளா? குளோரி எண்ணினாள். அவளுடைய கத்திக்குச் சாணைக்கல்லில் இருபது இழுப்பு, தோல்வாரில் பத்து. லிஜாவின் கத்திக்குக் கல்லில் நாற்பது, வாரில் இருபது. ஒரு நாள்கூட மாறவில்லை.

அவள் புருஷன் மத்தியாஸ் குவைத்தில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் பதினைந்து வருஷம் மீன் வெட்டியவன். ஊர் திரும்பியபோது கல்லையும் வாரையும் மறக்காமல் கொண்டுவந்தான். குளோரியும் லிஜாவும் முட்டம் சந்தையில் அடுத்தடுத்து உட்கார்ந்து, மீன் வாங்கி வருகிறவர்களுக்கு வெட்டிக்கொடுக்கிறவர்கள். லிஜாவின் புருஷன் கடலில் இறந்தபின், பாவம் என்று அவள் கத்தியையும் மத்தியாஸ் தீட்டித்தர ஆரம்பித்தான்.

“அவளுக்கு மட்டும் என்ன நாப்பது?”

“அது மட்டக் கத்தி ஏட்டி. சட்டுனு மழுங்கிப் போவும்.”

நியாயமான பதில்தான். நியாயத்தைக் கேட்டு எந்தப் பொறாமை அடங்கியிருக்கிறது? லிஜாவின் கத்தியைத் தீட்டி முடித்ததும் அதன் வாயைக் கட்டைவிரலில் பட்டும் படாமலும் வைத்துப் பார்த்து அவன் லேசாகச் சிரிப்பான். குளோரியின் கத்திக்கு அந்தச் சிரிப்பு கிடையாது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி விலக்கி மீன் வாங்குகிற நாள். சந்தையில் நல்ல கூட்டம். “மைனி, கத்தியப் பாத்துக்கிடுங்க” என்று லிஜா தேநீர் குடிக்கப் போனாள். குளோரி நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதை எடுத்துச் சிமெண்டுத் திண்டில் ஆறேழு தரம் அழுத்தித் தேய்த்து வைத்தாள்.

லிஜா திரும்பி வந்து வெட்டிய முதல் நெய்மீனே கொத்துக்கறி மாதிரி ஆனது. “நல்ல மீனை இப்படி நாசம் பண்ணிட்டியே” என்று மீனைக் கொடுத்த அம்மா கத்தினாள். கூட்டம் மீனைத் தூக்கிக்கொண்டு குளோரி பக்கம் திரும்பியது. அன்று மத்தியானம் வரை அவளுக்குக் கை வலியே தெரியவில்லை.

சாயங்காலம் லிஜா வீட்டுக்கு வந்தாள். “வெட்டவே மாட்டேங்குது அண்ணே” என்று கத்தியைத் தரையில் வைத்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமே.

மத்தியாஸ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கீறல் முழுக்க ஒரே பக்கம், இடதுகைக்காரர்கள் தேய்த்தால் விழுகிற பக்கம். சந்தையில் இடது கையால் மீன் வெட்டுகிறவள் குளோரி ஒருத்திதான். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளும் தயாராகத்தான் நின்றாள். திட்டட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும். ஆமா நான்தான் என்று சொல்லி, அந்த நாற்பதையும் இருபதையும் இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிட வேண்டும்.

மத்தியாஸ் லிஜாவிடம் திரும்பினான். “தப்பு என்மேலதான் மக்கா. காலைல அவசரத்துல கோணலா இழுத்துட்டேன். மனசுல வச்சுக்கிடாத, மன்னிச்சிரு.”

“ஐயோ, என்னண்ணே நீங்க” என்று லிஜா கண் கலங்கினாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தனை கனிவாக ‘மன்னிச்சிரு’ என்ற அந்த ஒரு சொல் குளோரிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. இன்றைக்கு அவளே வேலை மெனக்கெட்டு அதை லிஜாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சேர வேண்டியது என்று கேட்கவும் வழியில்லை.