சிக்னல்மேன் அருள்நாதனின் கை

ராயபுரம் அருள்நாதன் மகள் டெபோராவின் டென்னிஸ் ஆட்டத்தைப் பார்க்க முதல்முறையாக நுங்கம்பாக்கம் வந்தது, அவள் தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான். பெற்ற அப்பன் இப்படி நினைப்பானா என்றால், நினைப்பான். ஒன்பது வருடம் ஊர் ஊராக ஆடியும் உலகத்தில் எழுநூற்றுச் சொச்சமாவது இடத்தில் நிற்கிற பெண்ணுக்கு, விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை வந்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். இன்று ஜெயித்தால் அதே பத்து மணிக்கு அடுத்த சுற்று. தோற்றால் வேலைக்குப் போகிறேன், ஜெயித்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று டெபோரா சொல்லிவிட்டாள். மனிதர் வருகிற வழியில் மாதாவுக்கு மெழுகுவத்தி வேறு ஏற்றிவிட்டு வந்தார்.

அவர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். அங்கே இரைச்சலில் பேச்சு எடுபடாது. விரல் மேலே சுழன்றால் சரக்கு ஏறும், கீழே சுழன்றால் இறங்கும், கைமேல் கை வைத்துக் காட்டினால் பைய இறங்கும். இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ரசம் ஊற்றச் சொல்வதற்கும் விரல்தான். டெபோராவுக்கு அப்பாவின் பேச்சை விடக் கை நன்றாகப் புரியும்.

முதல் செட்டை அவள் இழந்ததும் அருள்நாதன் நிம்மதியாகச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாவதில்தான் வினை வந்தது. எதிராளி கோட்டுக்கு வெகு பின்னால் நின்று ஆடினாள். வலைக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிறுத்தலாம், அவ்வளவு காலி இடம். டெபோராவோ பந்தைத் தூரமாகவே அனுப்பிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் அவர் கைமேல் கை ஏறியது. டெபோரா பார்த்துவிட்டாள். அடுத்த பந்து வலையைத் தாண்டியதும் பொத்தென்று விழுந்தது.

எதிராளி நடுவரிடம் புகார் சொன்னாள். தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அருள்நாதன் சந்தோஷப்பட்டார். இப்போதெல்லாம் இருக்கையிலிருந்து சைகை காட்ட அனுமதி உண்டு என்று நடுவர் சொல்லிவிட்டார். அதற்குள் அவர் கை இன்னும் நாலு தடவை எழுந்து, செட்டே டெபோராவுக்குப் போய்விட்டது.

மூன்றாவது செட்டில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். டெபோரா ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நிமிர்ந்து பார்த்தாள். கை இல்லை. பந்து கண்ட இடத்துக்குப் போனது. மூன்றுக்கு ஐந்து. இன்னும் ஒரு கேம் போனால் அவர் நினைத்தது நடந்துவிடும். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை அவரை என்னவோ செய்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் காட்ட ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லித் திட்டியது அவர் காதில் விழவில்லை. ஏழுக்கு ஐந்து என்று டெபோரா ஜெயித்துவிட்டாள்.

டெபோரா வியர்வை சொட்டச் சொட்டக் கம்பி ஓரம் வந்தாள்.

"நான் தோக்கணும்னுதானே நைனா வந்தே?"

அவர் மறைக்காமல் தலையாட்டினார்.

"அப்பால இன்னாத்துக்குக் கை காட்டினே?"

"சரக்கு அந்தரத்துல தொங்கிக்கினு கீது. நீ என்னியே பாத்துக்கினு கீறே. எப்டிமா சும்மா குந்தினு இருக்கறது?"

அவர் துறைமுகத்துக்கு லீவு சொல்ல போனை எடுத்துக்கொண்டே மகளைக் கேட்டார்.

"நாளிக்கு எந்த கோர்ட்டு?"