பதினோரு மணி லைன்

போர்டு அக்காவுக்கு அந்த அலுவலகத்தில் மனிதர்கள் எல்லாரும் எண்கள்தான். 201 முதலாளி. 207 கணக்குப் பிரிவு. 219 தும்மிக்கொண்டே பேசும் கிடங்குக்காரர். தண்ணீர்ப் பம்பு செய்து விற்கிற அந்தக் கம்பெனியின் வரவேற்பறை மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வெளியிலிருந்து வருகிற அழைப்பை வாங்கி உரியவர் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. "ஹலோ" என்று ஒருவர் சொல்கிற விதத்திலேயே அன்றைக்கு அவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள்.

பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றி எடுத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. போர்டு போனாலும் பட்டப்பெயர் போகவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்பு ஃபோன், பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் வைத்த ஒரு பலகை. அதை மாட்ட வந்த ஆட்கள் இரண்டு நாள் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அலுவலகம் முழுவதற்கும் சொல்லிக்கொடுப்பது அவள் தலையில் விழுந்தது.

சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு மேசையாகப் போய், வெட்கப்படுகிறவர்களுக்கு இரண்டு தடவை, எல்லாம் தெரியும் என்கிறவர்களுக்கு மூன்று தடவை. "ஹோல்டு போட்டா அவங்களுக்கு நீங்க பேசுறது கேக்காது, பாட்டுதான் கேக்கும். டிரான்ஸ்ஃபர் அமுக்கி உள் நம்பரைப் போட்டா, முதல்ல நீங்களும் அவரும் மட்டும் பேசிக்கலாம். வெளியில இருக்கிறவர் பாட்டு கேட்டுட்டு இருப்பார். திரும்ப டிரான்ஸ்ஃபர் அமுக்கினா லைன் கைமாறிடும், நீங்க விலகிடலாம். கான்ஃபரன்ஸ் அமுக்கினா மூணு பேரும் ஒண்ணாயிடுவீங்க. இந்த ரெண்டையும் மட்டும் குழப்பிக்காதீங்க."

அப்படியும் குழப்பினார்கள். 219 ஒரு நாள் வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டதாக நினைத்து அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்ட, அந்தப் பக்கத்திலிருந்து அவர் நிதானமாக, "நான் இங்கதான் சார் இருக்கேன்" என்றார். ஒரு வாரம் அலுவலகம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. போர்டு அக்காவும் சிரித்தாள்.

214 அவளை அறைக்குக் கூப்பிட்டது அந்த வாரம்தான். 214 என்றால் கொள்முதல் மேலாளர். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"அக்கா, ஒரே ஒரு நம்பர்ல இருந்து வர்ற காலை மட்டும் வேற எக்ஸ்டென்ஷனுக்குத் திருப்பி விட முடியுமா? மத்ததெல்லாம் எனக்கே வரணும்."

"முடியும் சார். நாலு பட்டன் வேலை."

"எங்க அப்பா நம்பர்தான். அம்மா போனதுல இருந்து தினமும் பதினோரு மணிக்கு டாண்ணு கூப்பிட்டுடுறார். செல்லுல எடுக்கலன்னா இந்த டைரக்ட் லைன்ல வந்துடுறார். எனக்கு வேலை நேரம். நீங்களே ரெண்டு வார்த்தை பேசி வச்சிடுங்களேன். இங்க உங்களை மாதிரி பக்குவமாப் பேசுறவங்க யார் இருக்காங்க?"

போர்டு அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் அவள் பேச்சுக்கு யாரும் இப்படிச் சான்றிதழ் கொடுத்ததில்லை. அவருடைய மேசை மேலேயே நான்கு பட்டன்களை அழுத்தி, அப்பாவின் எண்ணைப் போட்டு, தன் எண்ணுக்குத் திருப்பிவிட்டாள். "ஆச்சு சார்" என்று சொன்னபோது ஏதோ வித்தை காட்டிய பெருமை முகத்தில்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் பலகையில் விளக்கு எரிந்தது.

"தம்பி?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"இது ரிசப்ஷன்ங்க ஐயா."

"அடடா. தப்பா அமுக்கிட்டேன் போல இருக்கும்மா. கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. மன்னிச்சுக்குங்க."

அந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அப்போது வாயில் வந்தது இதுதான்: "பரவால்லைங்க ஐயா. பட்டனெல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கும்ல." சொல்லிவிட்டு, "சார் மீட்டிங்ல இருக்கார், சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். பொய் சொன்ன மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை.

அது தினசரி ஆனது. பெரியவர் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார். "மறுபடியும் உங்களுக்கே வந்துடுச்சாம்மா?" முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். இப்போது நிறுத்தத்தில் நின்றால் வருகிற வண்டியின் எண்ணை அடுத்தவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பார். பக்கத்து வீட்டுக்காரரை விட்டு மகனுடைய எண்ணைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதி வைத்தார். அப்போதும் போர்டு அக்காவுக்கே வந்தது. மூன்றாவது வாரம் குழந்தை மாதிரி சந்தோஷமாகச் சொன்னார்: "பெரிய பட்டன் வச்ச ஃபோனா வாங்கிட்டேன்மா. வயசானவங்களுக்குன்னே விக்கிறாங்களாம்." சொல்லி முடித்த பிறகுதான் பேசுவது யாரென்று அவருக்கு உறைத்தது. "அட, இப்பவும் நீங்கதானா? அப்போ விரலும் போச்சு போல."

"பழகப் பழகச் சரியாயிடும் ஐயா" என்றாள் போர்டு அக்கா. அன்று மதியச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

ஆரம்பத்தில் அவள் 214ஐக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "சார், அப்பா லைன்ல இருக்கார்." "மீட்டிங்னு சொல்லிடுங்கக்கா." அறையில் அவர் தனியாக உட்கார்ந்து செல்ஃபோனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது கண்ணாடி வழியாக அவளுக்குத் தெரியும். இரண்டாவது வாரமே, "இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா? அதுக்குத்தானே உங்களுக்குத் திருப்பியிருக்கு" என்றார், அதே இனிப்போடு. அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை பெரியவரின் குரலில் அவசரம் இருந்தது.

"கண் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்கம்மா. வர்ற வியாழக்கிழமை. நாலு மாசமா வரிசையில இருந்தேன். சொந்தக்காரங்க ஒருத்தர் கூட வந்து கையெழுத்துப் போடணுமாம். பக்கத்து வீட்டுக்காரர் வர்றேன்னார், அது செல்லாதாம். எனக்கு இவன் ஒருத்தன்தானே. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள வர்றானா இல்லையான்னு சொல்லணும். இல்லன்னா அடுத்தவருக்குக் குடுத்துடுவாங்க. திரும்ப நாலு மாசம். அதுக்குள்ள இருக்கிற வெளிச்சமும் போயிடும்னு டாக்டர் சொல்றார்."

போர்டு அக்கா ஒரு தாளில் எழுதி, தானே எடுத்துப்போய் 214இன் மேசையில் வைத்தாள். "பார்த்துக்கறேன்க்கா" என்றார். செவ்வாய்க்கிழமை பெரியவர், "சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் ஐயா, கூப்பிடுவார்." அவர் கூப்பிடவில்லை. செவ்வாய் மாலை அவள் எழுதிக்கொடுத்த தாளின் மேல் 214 தேநீர்க் கோப்பையை வைத்திருந்ததைப் பார்த்தாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு விளக்கு எரிந்தது.

"இன்னைக்குத்தான்மா கடைசி நாள்" என்றார் பெரியவர்.

"இருங்க ஐயா. இன்னைக்கு நான் பேச வைக்கிறேன்."

அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். டிரான்ஸ்ஃபர் அழுத்தி 214ஐப் போட வேண்டியது. அவர் எடுத்த கையோடு கான்ஃபரன்ஸை அழுத்திவிட வேண்டியது. மூவரும் ஒரே லைனில் வந்துவிட்டால் அப்பா "தம்பி" என்பார். அப்புறம் எந்த மீட்டிங்குக்குள் போய் ஒளிந்துகொள்வார் இந்த மகாராஜா? யாராவது கேட்டால் பட்டன் மாறிவிட்டது என்று சொல்லவும் முடியாது. அந்தப் பட்டனை அலுவலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். வேலை போனாலும் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டிரான்ஸ்ஃபர். 214. மணி இரண்டு தடவை அடித்தது.

"சொல்லுங்கக்கா."

கான்ஃபரன்ஸ் பட்டனை அழுத்தினாள். பலகையில் இரண்டு விளக்குகளும் ஒன்றாகப் பச்சையாயின.

"சார், உங்க அப்பா..." என்று ஆரம்பித்தாள். 'லைன்ல இருக்கார்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் பாக்கி. அதற்குள் அவர் குறுக்கே விழுந்துவிட்டார்.

"மறுபடியுமா? ஐயோ, ஆளை விடுங்கக்கா."

இந்த இடத்தில் அவள் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. சொல்லவில்லை. பேசட்டும், நன்றாகப் பேசி வகையாக மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு வெறி அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 219ஐப் போல இவரும் அவமானப்பட்டு நிற்கிற காட்சியை ஒரு கணம் ஆசையோடு நினைத்தும் பார்த்தாள்.

"இவருக்காக நான் வியாழக்கிழமை லீவு போடணுமா? எழுபத்தாறு வயசுல கண்ணு தெரிஞ்சு என்ன பரீட்சையா எழுதப் போறார்? தினமும் இந்த நச்சரிப்பு வேண்டாம்னுதானே அவர் நம்பரை உங்களுக்குத் திருப்பி விடச் சொன்னேன். அதைச் சமாளிக்க முடியலைன்னா சொல்லுங்க, மொத்தமா வராதபடி அடைச்சிடலாம். அப்படியும் ஒரு பட்டன் இருக்கும்ல?"

போர்டு அக்கா பெரியவரின் குரலுக்காகக் காத்திருந்தாள். அவர் கத்துவார், திட்டுவார், "டேய்" என்றாவது சொல்வார் என்று. ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"ஹலோ? அக்கா? இருக்கீங்களா?" என்றார் 214. பதில் வராமல் போகவே வைத்துவிட்டார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் செல்ஃபோனை எடுத்து ஸ்கோர் பார்ப்பது தெரிந்தது.

லைனில் இப்போது அவளும் பெரியவரும் மட்டும்.

"ஐயா..."

"தம்பி மீட்டிங்ல இருக்கான் போல இருக்கும்மா" என்றார் பெரியவர், ரொம்ப மெதுவாக. "தொந்தரவு பண்ண வேண்டாம். நான் வச்சிடறேன்."

மகனை மாட்டிவைக்க அவள் விரித்த வலை இந்தக் கிழவர் மேல் விழுந்துவிட்டது. மகன் ஒரு முடி கலையாமல் உட்கார்ந்திருக்கிறார். தனக்கு வந்த கோபத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு மனிதரின் காதைக் கடன் வாங்கி, அதில் இதைக் கொட்டிவிட்டாள். நல்லது செய்யத்தான் நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நம்ப முடியவில்லை.

வியாழக்கிழமை 214 வேலைக்கு வந்திருந்தார். பதினோரு மணிக்கு விளக்கு எரியவில்லை. பதினொன்றேகால் வரை போர்டு அக்கா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு வெளி அழைப்புகளைத் தவறான மேசைக்கு அனுப்பிவிட்டாள். அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு 214 வெளியே போகிற வழியில் கண்ணாடித் தடுப்பருகே நின்றார்.

"இன்னைக்கு அப்பா கூப்பிடலையாக்கா?"

"இல்லை சார்."

"எப்படியோ பேசிப் புரிய வச்சுட்டீங்க. இதுக்குத்தான் உங்ககிட்ட விட்டேன்." சிரித்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, போர்டு அக்கா பெரியவரின் எண்ணைப் போட்டாள். ஆறு வாரத்தில் அவளாக அவரைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நான்காவது மணிக்கு எடுத்தார்.

"ஐயா, நான்தான்... ரிசப்ஷன்ல இருந்து. ஆஸ்பத்திரிக்கு..."

"அந்தத் தேதியை வேற யாருக்கோ குடுத்துட்டாங்கம்மா. நேத்து சாயங்காலம் நானே ஃபோன் பண்ணி, ஆள் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த தேதிக்குப் பேரைக் குடுங்க ஐயா. நான் வர்றேன். மகள்னு சொல்லிக் கையெழுத்துப் போடறேன். யார் கேக்கப் போறாங்க?"

கோபமாகப் பேசியிருந்தால் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவர் வழக்கம்போல மரியாதையாகத்தான் பேசினார்.

"வேண்டாம்மா. எனக்குக் கண்ணு மட்டும்தான் மங்கல். காது நல்லாக் கேக்குது. விரலும் சரியாத்தான் அமுக்கியிருக்கு, ஆறு வாரமும். நான்தான் புத்தி தடுமாறிடுச்சோன்னு பயந்து, சுவத்துல எழுதி, புது ஃபோன் வாங்கி..." நிறுத்தினார். "அவன் பண்ணினதை விடுங்க, அவன் நான் வளர்த்த லட்சணம். நான் தினமும் உங்ககிட்டதானே கேட்டேன், தப்பா அமுக்கிட்டேனான்னு. நீங்களும் ஆமான்னுதானேம்மா சொன்னீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

போர்டு அக்கா ரிசீவரைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பலகையில், மேலாளரின் மேசையில் அன்று பெருமையோடு அழுத்திய அதே நான்கு பட்டன்களை வரிசையாக அழுத்தினாள். திருப்பிவிடும் பட்டியலிலிருந்து பெரியவரின் எண் போனது. இனி அவர் கூப்பிட்டால் நேராக மகனுக்கே போகும். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, மூன்று நொடிகூட ஆகவில்லை.